கவனமின்மையும் இம்சையே

கொல்லாமையே அறங்களுள் தலையாயது என்பதை நம் இல்லங்களில் வளரும் சிறு குழந்தையும் அறியும். எறும்பு ஊரும் இடத்தில் காலை விலக்கி வைக்கிறோம். நீரைத் துணியிட்டு வடித்துப் பருகுகிறோம். கதிரவன் மறைந்தபின் உண்பதைத் தவிர்க்கிறோம். எவ்வுயிரையும் கொல்லும் எண்ணம் நமக்கு இல்லை. எனினும் கவனம் தவறினால் கொலை நேர்ந்துவிடும் என்ற அச்சத்தால் அன்றோ நம் முன்னோர் இவ்வொழுக்கங்களை வகுத்தனர்? அவ்வாறாயின், எண்ணம் தூயதாக இருந்தும் செயலில் பிழை நேர்ந்து ஓர் உயிர் பிரியுமானால், அதை வினைப்பயன் என்று சொல்லி நாம் அமைதி அடையலாமா? நம் காலத்தில் நிகழ்ந்த ஒரு துயரத்தைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

தட்டம்மைக்கான தடுப்பூசி 1963ஆம் ஆண்டு வழக்கத்திற்கு வந்தது. அதற்கு முன் ஆண்டுதோறும் ஏறத்தாழ 26 இலட்சம் பேரை அந்நோய் பலி கொண்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இம்மருந்தில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலிமை குன்றச் செய்யப்பட்ட வைரஸ். உலர்ந்த தூளாகக் குப்பியில் வரும் இதனை, இதற்கென்றே உடன் அனுப்பப்படும் கரைப்பு நீரில் கலந்து ஊசியாக இட வேண்டும். கலந்தபின் வெப்பமும் வெளிச்சமும் இதனை விரைவில் பயனற்றதாக்கிவிடும். கிருமி வளராமல் காக்கும் பொருள் எதுவும் இதில் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே, கலந்த மருந்தைக் குளிரில் வைத்து, 6 மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. நம் நாட்டுத் திட்டத்திலோ 4 மணி நேரமே எல்லை. எஞ்சியதை இரக்கமின்றிக் கொட்டிவிட வேண்டும். வடித்த நீருக்கும் காலவரையறை உண்டு என்று கற்ற நமக்கு இவ்விதி புதுமையன்று.

பசிபிக் பெருங்கடலில் சமோவா என்றொரு சிறு தீவு நாடு உள்ளது. மக்கள்தொகை ஏறத்தாழ 2 இலட்சம். அங்கே 2018 ஜூலையில், தட்டம்மை முதலிய மூன்று நோய்களுக்கான தடுப்பூசி இடப்பட்ட குழந்தைகள் இருவர் ஒரே நாளில் இறந்தனர். மருந்தில் குற்றம் இல்லை. கரைப்பு நீர் என்று எண்ணி, காலாவதியான தசைத் தளர்ச்சி மருந்தைச் செவிலியர் கலந்துவிட்டனர். குப்பியின் மீது எழுதியிருந்ததைப் படித்திருந்தால் இரண்டு உயிர்கள் பிழைத்திருக்கும். செவிலியர் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 2019இல் அவர்களுக்குத் தலா 5 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

தென் சூடானிலும் இதனை ஒத்த துயரம் 2017 மே மாதத்தில் நேர்ந்தது. கலப்பதற்குரிய ஒரே ஊசிக்குழலை நான்கு நாள்களும் பல குப்பிகளுக்குப் பயன்படுத்தினர். மருந்தைக் குளிரில் வைக்கவும் இல்லை. கிருமி கலந்த அம்மருந்தால் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் 15 பேர் மாண்டனர்.

இவர்களுள் எவருக்கேனும் கொல்லும் எண்ணம் இருந்ததா? இல்லை, காக்கும் எண்ணமே இருந்தது. ஆயினும் நம் ஆகமம் இங்கே கண்டிப்பாக நிற்கிறது. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, பிரமாதம் உடைய செயலால் உயிரைப் பிரித்தல் என்றே வரையறுத்தார். இன்று நாம் ஒன்றைப் புகழ வழங்கும் ‘பிரமாதம்’ என்னும் சொல்லுக்கு அங்கே சோர்வு, கவனமின்மை என்பதே பொருள். புருஷார்த்த சித்தியுபாயம் இயற்றிய அமிர்தசந்திராசாரியார் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். கவனத்தோடு ஒழுகுபவன் கையில் தற்செயலாக உயிர் பிரிந்தாலும் அது இம்சை ஆகாது. கவனமின்றி ஒழுகுபவனுக்கோ உயிர் பிரியாவிடினும் இம்சை உண்டு என்பது அவர் கருத்து. அதன்படி நோக்கினால், குப்பியைப் படிக்காமல் கலந்த கை, எவரும் இறக்காத நாளிலும் இம்சையே செய்தது. விளைவு அன்று தெரியவில்லை, அவ்வளவே. பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்பு வேண்டும் என்னும் ஆதான நிக்ஷேபண சமிதி துறவியருக்கு விதிக்கப்பட்டது. மருந்துக் குப்பியை எடுக்கும் கைக்கும் அதுவே அறம் அன்றோ?

ஆயின் துயரம் அத்துடன் முடியவில்லை. இரு குழந்தைகளின் மரணத்திற்குப் பின் சமோவா அரசு அத்தடுப்பூசியைப் பல மாதங்கள் நிறுத்திவைத்தது. மக்கள் நெஞ்சில் அச்சம் வேரூன்றியது. 2018இல் முதல் தவணை பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 31 பேர் மட்டுமே என்று மதிப்பிடப்பட்டது. 2019இல் தட்டம்மை அத்தீவினுள் நுழைந்தது. 5,700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 83 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். டிசம்பரில் இரண்டு நாள் அரசு அலுவல்களை நிறுத்தி, வீடு வீடாகச் சென்று ஊசி இட்டனர். ஊசி இடப்படாதோர் உள்ள வீட்டின் முன் சிவப்புத் துணி கட்டுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டனர்.

இங்கேதான் நாம் நம்மையே வினவிக்கொள்ள வேண்டும். ‘ஊசி இட்டுத் தீங்கு நேர்ந்தால் பாவம் நம்முடையது; நோய் தானே வந்தால் அது ஊழ்’ என்று எண்ணும் பெற்றோர் நம்மிடையேயும் உண்டு. பிள்ளையின் மீது கொண்ட அன்பே அவர்களை அவ்வாறு எண்ணச் செய்கிறது. அவர்களைப் பழித்தல் தகாது. ஆயினும் அவ்வெண்ணம் பிழையானது. செய்யாமையும் ஒரு செயலே. விளக்கில் விட்டில் விழும் என்றறிந்தும் மூடாமல் வைப்பவன், தான் ஒன்றும் செய்யவில்லை என்று கூற இயலுமா? தட்டம்மை காற்றின் வழி பரவும். நம் பிள்ளை அண்டை வீட்டுக் கைக்குழந்தைக்கும் அதைக் கொடுத்துவிடும். ஒரு கவனமின்மைக்கு மற்றொரு கவனமின்மை கழுவாய் ஆகாது. இருவரின் மரணத்தைக் கண்டு ஊசியையே வெறுத்ததன் விலை, அதனினும் பன்மடங்கு பெரிதாயிற்று.

ஆகவே இல்லறத்தாராகிய நம் கடமை விழிப்போடு ஏற்பதே. நம் நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி ஒன்பதாம் மாதம் நிறைந்தபின் முதல் தவணையாகவும், 16 முதல் 24 மாதங்களுக்குள் இரண்டாம் தவணையாகவும் இடப்படுகிறது. அந்நாளில் குப்பி திறந்த நேரம் அதன்மீது குறிக்கப்பட்டுள்ளதா, ஊசி புதியதா என்று பணிவோடு கேட்பது செவிலியரை அவமதிப்பது ஆகாது. அவர்தம் அறத்திற்குத் துணை நிற்பதே ஆகும். குழந்தைக்கு நோயெதிர்ப்பு ஆற்றலைக் குன்றச் செய்யும் நோயோ சிகிச்சையோ இருப்பின் மறைக்காமல் முன்னரே உரைக்க வேண்டும். கருவுற்ற பெண்களுக்கும் இவ்வூசி ஆகாது. ஊசி இட்டபின் அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருத்தல் நன்று.

எறும்புக்கு இரங்கிக் காலை விலக்கும் நாம், குழந்தைக்கு இரங்கிக் குப்பியையும் உற்று நோக்குவோம். அஞ்சி விலகுவதில் இல்லை அகிம்சை. விழித்திருந்து காப்பதில் உள்ளது. அவ்விழிப்பு நம் இல்லந்தோறும் நிலைப்பதாக.