பால் கலந்தது, மனிதர் கலந்தனரா?

நியாய விலை என்பது உடையவன் இடும் பிச்சையா, உழைப்பவனின் உரிமையா? இவ்வினாவுக்கு விடை தந்தோர் ஏடு கற்ற மேதைகள் அல்லர். குசராத்தின் கேடா மாவட்டத்தில் மாடு வளர்த்தோர்!

1945-இல் பம்பாய் அரசின் பால் திட்டம் வந்தது. கேடாவில் பாலைத் திரட்டும் உரிமை போல்சன் நிறுவனத்துக்கே கிடைத்தது. கறந்தவனுக்குக் காசு குறைவு. இடையில் நின்றவனுக்கு இலாபம் நிறைவு. 1946-இல் உழவர் கூடினர். 15 நாள் பால் தர மறுத்தனர். அரசு பணிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 14-இல் அவர்களது கூட்டுறவு ஒன்றியம் பதிவாயிற்று. அதுவே பின்னர் அமுல் எனப் புகழ் பெற்றது.

ஊர்ச் சங்கத்தில் பத்து மாடு உடையவனுக்கும் ஒரு மாடு உடையவளுக்கும் வாக்கு ஒன்றே. விலையை உரைப்பது பாலின் கொழுப்பு; கொணர்ந்தவரின் குலத்தை அங்கே கேட்பாரில்லை. முந்தி வந்தவர் முந்தி ஊற்றுவர்.

தமிழகத்திலும் 1981-இல் ஆவின் இணையம் அமைந்தது. நெய்வேலியில் நாம் பருகும் தேநீரில் எந்தத் துளி எந்தத் தெருவினது? பிரித்துக் காட்ட வல்லார் உண்டோ?

ஆயினும் தோழர்களே, கலத்தில் பால் கலந்தது கண்டு களித்துவிடலாமா? காலையில் ஒரே வரிசையில் நின்றவர், மாலையில் ஊரென்றும் சேரியென்றும் பிரிந்து நடப்பின், கூட்டுறவு பாலுக்கு வாய்த்தது, மனிதனுக்கு வாய்க்கவில்லை. அந்த வரிசையை ஊரின் நடுத்தெரு வரை நீட்டுவதே இளைஞர் கடன்!