சிறைவாசலில் காத்திருப்பவர் யார்?

ஆண்டுதோறும் மாசி 19-ஆம் நாள் திருவனந்தபுரத்திலிருந்து வாகன ஊர்வலம் புறப்பட்டு நாகர்கோவில் வந்து சேர்கிறது. மறுநாள் மாசி 20, அய்யாவின் அவதார தினம். அன்று காவிக்கொடி ஏந்திச் சுவாமிதோப்புக்கு நடக்கும் மக்கள் வெள்ளத்தை அறியாதவர் இல்லை. ஆனால் இந்த ஊர்வலம் ஒரு சிறைவாசலில் தொடங்கியது என்பதை நினைப்பவர் எத்தனை பேர்?

திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் அய்யா சிங்காரத்தோப்புச் சிறையில் 110 நாட்கள் இருந்தார். தன் சாதியாரை மட்டும் சேர்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவதாகச் சொன்னபோதும் அவர் இணங்கவில்லை. 1839-ஆம் ஆண்டு மாசியில் அய்யா விடுதலையானபோது மக்கள் வாசலில் திரண்டு நின்றார்கள். அவரை வாகனத்தில் இருத்திச் சுமந்து சுவாமிதோப்புக்கு அழைத்து வந்தார்கள்.

இன்று பாளையங்கோட்டை மத்தியச் சிறையிலிருந்து ஒருவர் வெளியே வருகிறார். கையில் ஒரு துணிப்பை. வாசலில் யாரும் இல்லை. பஸ் ஏறி ஊருக்கு வந்தால் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வேலை கேட்டுப் போகும் இடத்தில் முதல் கேள்வியே, “இத்தனை வருஷம் எங்கே இருந்தாய்?” என்பதுதான். பொய் சொன்னால் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். உண்மை சொன்னால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவனைத் தேடிப் பழைய கூட்டாளி வருகிறான். அவன் மட்டும் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை.

அய்யா குற்றம் ஏதும் செய்யாமல் சிறை இருந்தவர். இன்று சிறையிலிருந்து வருவோரில் குற்றம் செய்தவரும் உண்டு, செய்யாதவரும் உண்டு. இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்கள் வழக்கில் தீர்ப்பு இன்னும் வரவில்லை. பின்னர் நீதிமன்றமே நிரபராதி என்று விடுவித்தாலும், ‘ஜெயிலுக்குப் போனவன்’ என்ற பேர் மட்டும் போவதில்லை.

குற்றம் செய்து தண்டனை முடித்தவரும் உள்ளே சும்மா இருந்தவர் அல்லர். தறி நெய்தும், துணி தைத்தும், ரொட்டி சுட்டும் தொழில் கற்றவர் பலர். பாளையங்கோட்டைச் சிறை நடத்தும் பெட்ரோல் பங்கில் கைதிகளே வண்டிகளுக்குப் பெட்ரோல் போடுகிறார்கள். அங்கே வண்டியை நிறுத்த யாரும் தயங்குவதில்லை. அதே மனிதர் தண்டனை முடித்து வேட்டி கட்டி ஊருக்கு வந்து நின்றால், மண் சுமக்கும் வேலைக்குக்கூட நம்ப முடியாதவர் ஆகிவிடுகிறார். இது என்ன நியாயம்?

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிழல்தாங்கலுக்கு வருகிறார் என்று வையுங்கள். தலைப்பாகை கட்டுகிறார். திருநாமம் இட்டுக்கொள்கிறார். பள்ளியறைக் கண்ணாடியின் முன் நிற்கிறார். அந்தக் கண்ணாடி அவருக்கு ஒரு முகமும் மற்றவர்க்கு ஒரு முகமும் காட்டுவதில்லை. உச்சிப்படிப்பு முடிந்து எல்லாரும் ஒரே வரிசையில் இருந்து அன்னதர்மம் உண்கிறார்கள். அத்தனையும் சரி. வாசல் தாண்டியதும், பக்கத்தில் இருந்து உண்டவரிடமே அவர் வேலை கேட்கிறார். “பார்க்கலாம்” என்று ஒரு சொல் வருகிறது. கண்ணாடி பார்க்காத வேற்றுமையை மனிதன் பார்த்துவிட்டான். தாழ்ந்து கிடப்பவரைக் காப்பதே தர்மம் என்று அய்யா உபதேசித்தார். ஒரு வேளைச் சோறு அந்தத் தர்மத்தின் தொடக்கம். தினமும் உழைத்து உண்ண வழி செய்வதே அதன் நிறைவு.

தாங்கல் என்ற பேரிலேயே தாங்குவது இருக்கிறது. அங்கே வரும் மக்களில் கொத்தனார் உண்டு, செங்கல் சூளைக்காரர் உண்டு, ரப்பர் தோட்டமும் வாழைத்தோட்டமும் உடையவர் உண்டு. ஒருவர் ஒருவருக்கு வேலை கொடுத்தால் போதும். உண்மையை மறைத்துச் சேர்க்க வேண்டாம். முதலாளிக்கு எல்லாம் தெரிந்தே இருக்கட்டும். தாங்கலில் பெரியவர் ஒருவர் அவருக்காகப் பொறுப்பு ஏற்கட்டும். முதலில் பணப்பெட்டி இல்லாத வேலையைக் கொடுக்கலாம். கூலியை வாரந்தோறும் முழுதாகக் கொடுக்க வேண்டும். போக்கிடம் இல்லாதவன்தானே என்று குறைத்துக் கொடுப்பது கலியின் வேலை. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, காலாவதியான ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றைச் சரிசெய்ய, படித்த பிள்ளைகள் இரண்டு நாள் கூடப் போனால் பெரிய உதவி. அரசு உதவிகளுக்கு நன்னடத்தை அலுவலரைப் பார்த்து வழி கேட்கலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. அவரால் துன்பப்பட்ட குடும்பமும் அதே ஊரில் இருக்கலாம். அதே தாங்கலுக்கும் வரலாம். அவர்கள் கண்ணீரைத் தாண்டிச் செய்வது தர்மம் ஆகாது. முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். அவர்கள் மன்னிக்கத்தான் வேண்டும் என்று யாரும் வற்புறுத்தலாகாது. அவர்கள் மனம் நோகும் என்றால் வேலையை வேறு ஊரில் பார்த்துக் கொடுக்கலாம். வேலை பெற்றவரும் அவர்கள் வாசல்பக்கம் போகாமல், பொறுமையாக, உழைப்பாலேயே தன்னை மாற்றிக் காட்ட வேண்டும். கொடுப்பவருக்கு எவ்வளவு பொறுமை வேண்டுமோ, பெறுபவருக்கும் அவ்வளவு வேண்டும்.

அன்புக்கொடி மக்களே! அடுத்த மாசி 19-ஆம் நாள் ஊர்வலம் வரும்போது, அன்று சிங்காரத்தோப்பு வாசலில் நின்றவர்களை நினையுங்கள். அதே நாளில் வேறொரு சிறைவாசலில் ஒருவர் துணிப்பையுடன் தனியே நிற்கக்கூடும். “வா மகனே, நாளைக்கு வேலைக்கு வந்துவிடு” என்று சொல்ல அங்கே ஒருவர் இருந்தால், அய்யாவின் ஊர்வலம் அந்த வாசலுக்கும் போய்ச் சேர்ந்ததாகும்.

அய்யா உண்டு.