கூட்டத்தை எண்ணலாம், ஆளைச் சுட்டலாமா?

வைகுண்ட ஏகாதசி விடியலில் ஸ்ரீரங்கத்தில் பரமபதவாசல் திறக்கும் நேரத்துக்குக் கூட்டம் எவ்வளவு என்று யாராவது எண்ணித்தான் ஆக வேண்டும். வரிசையைச் சித்திரை வீதியிலேயே நிறுத்துவதா, உத்தர வீதிவரை விடுவதா, தடுப்புக் கட்டைகளை எங்கே போடுவது என்பதெல்லாம் அந்தக் கணக்கை நம்பித்தான் இருக்கிறது. கேமராவை வைத்து எண்ணினாலும் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அதே கேமரா, இன்ன வீட்டுப் பெண் இத்தனை மணிக்கு வந்தாள், ரங்கா ரங்கா கோபுரத்தடியில் இன்னாரோடு நின்று பேசினாள் என்று குறித்துவைத்தால்? நாலு பேர் பார்க்க நடந்ததுதானே என்ற பதில் அங்கே எடுபடாது.

மனிதர்கள் இணையத்தில் எழுதுவதையும் பகிர்வதையும் லைக் போடுவதையும் கணினிக்குக் கொடுத்து, சமூகத்தின் நடத்தையைப் புரிந்துகொள்ள முயலும் ஆய்வுகளில் பெரும்பாலும் சொல்லப்படுவது அந்த எடுபடாத பதில்தான். 2016-இல் ஓகேகியூபிட் என்ற இணை தேடும் தளத்திலிருந்து சுமார் 70,000 பேரின் விவரங்களை அள்ளி வெளியிட்டவரும் அதையேதான் சொன்னார்: ஏற்கெனவே வெளியில் கிடந்த தரவு. பயனர் பெயர்கள், அரசியல் கருத்து, படுக்கையறை விருப்பங்கள் எல்லாம் அதில் இருந்தன.

நம் சட்டமும் பாதி அந்தப் பக்கம் சாய்கிறது. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு பிரிவில் மிகச் சரியான கோட்டைப் போடுகிறது. ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் தரவைப் பயன்படுத்த விலக்கு உண்டு; ஆனால் அதை வைத்துக் குறிப்பிட்ட ஓர் ஆளைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. இன்னொரு பிரிவில் அந்தக் கோட்டைத் தானே அழித்துவிடுகிறது: ஒருவர் தாமாகவே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கு இந்தச் சட்டமே பொருந்தாதாம். அதற்குச் சட்டம் தரும் உதாரணம், சமூக ஊடகத்தில் தன் கருத்துகளை எழுதும் ஒரு பெண். வாயைத் திறக்காதவரை மட்டும் காப்பாற்ற ஒரு சட்டம் எதற்கு?

இவ்வளவு சந்தேகத்தோடு பார்ப்பவர்களும் பதில் சொல்லியாக வேண்டிய இடம் ஒன்று உண்டு. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வம் கும்பிட வந்த 65 வயது அம்மாள் ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்தே கொன்றுவிட்டார்கள். வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி அதற்குமுன் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அது பரவும் திசையைக் கணினி முன்கூட்டியே காட்டியிருந்தால் அந்த உயிர் மிஞ்சியிருக்கலாம். இந்த நியாயத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் ஒரு முடிவெடுத்தது: இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்குமேல் ஃபார்வர்டு செய்ய முடியாது. யாருடைய செய்தியையும் அதற்காகப் பிரித்துப் படிக்கவில்லை. வதந்தி எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருந்தது, அந்த ஓட்டத்தில் ஒரு தடை போட்டார்கள். அனுப்பியவர் யார், எந்த ஊர், எந்தச் சாதி என்ற கேள்வியே எழவில்லை. அதோடு வதந்திகள் ஓய்ந்துவிட்டன என்றில்லை. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்ற போலி வீடியோக்கள் கிளப்பிய பீதி நினைவிருக்கும்.

கணினிக்குத் தமிழ் உணர்ச்சி புரியுமா என்பது இன்னொரு சிக்கல். தமிழும் ஆங்கிலமும் கலந்த எழுத்தில் மனநிலையை அறிய 2020-இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட முக்கியமான தொகுப்பில் 15,744 யூடியூப் கருத்துகள் இருந்தன. மனிதர்கள் ஒவ்வொன்றையும் வாசித்து, இது பாராட்டு, இது வெறுப்பு, இது இரண்டும் கலந்தது என்று குறி போட்டார்கள். உழைப்பு அருமையானது, பொதுவில் கொடுத்ததும் நல்ல காரியம். ஆனால் அந்தக் கருத்துகள் எல்லாம் சினிமா டிரெய்லர்களின் கீழே எழுதப்பட்டவை. ‘தலைவா, செத்துட்டேன்’ என்றால் அங்கே ஆனந்தம். ‘அடப்பாவி, அழவெச்சுட்டியே’ என்றால் டைரக்டருக்கு மாலை. ‘நல்லா வருவீங்க’ என்பது வாழ்த்தா வசையா என்று குறி போடுகிறவர்களுக்குள்ளேயே ஒத்துவராது. ரசிகர் சண்டையில் தமிழ் பழகிய இயந்திரத்தை அழுகிற பிள்ளையின் மனதை அளக்க அனுப்பினால் என்ன ஆகும்?

இது வெறும் கற்பனைக் கவலை அல்ல. ஒருவர் தற்கொலை எண்ணத்தில் இருக்கிறாரா என்று பதிவுகளிலிருந்து கண்டறியும் ஏற்பாட்டை ஃபேஸ்புக் 2017-இல் பல நாடுகளுக்கு விரிவாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தை மட்டும் விட்டுவிட்டது. அப்படியொரு ஏற்பாட்டை நம் ஊரில் வைத்துப் பார்ப்போம். திருச்சி கல்லூரிகளின் ஊர். முசிறி, லால்குடி, துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பெண்கள் ஏராளம். அவர்களில் ஒருத்தி இரவு ஒரு மணிக்கு இன்ஸ்டாகிராமில் ‘எல்லாத்தையும் முடிச்சுக்கலாம்போல இருக்கு’ என்று எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அது அரியர் பேப்பரைப் பற்றியதாக இருக்கலாம், காதலைப் பற்றியதாக இருக்கலாம், நிஜமாகவே உயிரைப் பற்றியதாகவும் இருக்கலாம். கல்லூரி வாங்கிவைத்த மென்பொருள் சிவப்புக் குறி போடுகிறது. குறி வார்டனுக்குப் போகிறது, வார்டனிடமிருந்து துறைத் தலைவருக்கு, அங்கிருந்து அப்பாவுக்கு. மறுநாள் காலை அப்பா பஸ் ஏறி வருகிறார். போன் பிடுங்கப்படுகிறது, ‘வீட்டோட இரு, கரஸ்ல படிச்சுக்கலாம்’. கணிப்பு சரியாகவே இருந்தாலும் முடிவு இதுதான். இயந்திரம் எத்தனை சதவீதம் துல்லியம் என்று விவாதிக்கிறவர்கள், அதன் சொல்லைக் கேட்டு நடக்கப்போகிற மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்பதே இல்லை.

அதற்காக அவளைக் கவனிக்காமல் விட வேண்டுமா? கூடாது. உயிர் போகும் அபாயம் இருந்தால் ஆளைச் சுட்டுவதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் குறி முதலில் அவளிடம்தான் போக வேண்டும்: இப்படித் தோன்றுகிறது, பேச ஒருவர் இருக்கிறார், எண் இது. அடுத்ததாக, அவள் பேச ஒப்புக்கொள்ளும் ஆலோசகரிடம். உயிர் உடனடி ஆபத்தில் இருந்தால் மட்டும், அந்த இரவுக்கு யார் பக்கத்தில் இருக்க முடியுமோ அவரிடம். அப்படி ஒரு குறி இருக்கிறது என்பதே தெரியாமல் அவளை நடத்துவது ஒருபோதும் தகாது.

குறி போடுவதில் நமக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. 1871-இல் ஆங்கில அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இன்ன கூட்டத்தில் பிறந்தவர் திருடுவார் என்று முன்கூட்டியே தீர்மானித்து, ஆண்களின் ரேகையைப் பதிவு செய்து, இரவில் போலீஸ் ஸ்டேஷனில் படுக்கச் சொன்னது. ரேகைச் சட்டம் என்றே மக்கள் அதைப் பேசினார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர்க் கிராமத்தில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி 16 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். இன்றைய கணிப்பு மென்பொருளை அதோடு சமமாக வைப்பது மிகையாகும். ஆனாலும் இரண்டும் செய்வது ஒரே வகைக் கணக்கு: உன்னைப் போன்றவர்கள் இப்படிச் செய்தார்கள், ஆகவே நீயும் செய்வாய். 58,000 தன்னார்வலர்களின் ஃபேஸ்புக் லைக்குகளைக் கொண்டே அவர்களின் அரசியல், மதம், பாலியல் நாட்டம் ஆகியவற்றைப் பெருமளவு ஊகிக்கலாம் என்று 2013-இல் வந்த ஆய்வு காட்டியது. அவர்களாவது சம்மதித்துக் கலந்துகொண்டவர்கள்.

திருச்சி கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு மாணவர் ஆய்வுக்காக நோயாளியிடம் ரத்தம் எடுக்க வேண்டுமானால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நெறிமுறைப்படி நெறிக்குழுவின் ஒப்புதல் வேண்டும். நோயாளிக்குப் புரிகிற மொழியில் எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். கணினித் துறை மாணவர் ஒருவர் கடைசி வருட ப்ராஜெக்டுக்காகப் பத்தாயிரம் பேரின் பதிவுகளை ஒரே இரவில் இறக்கிக்கொள்ள, பொதுவாக வழிகாட்டியின் தலையசைப்பே போதும். மதுரைச் சாலையில் சேதுராப்பட்டியில் ஐ.ஐ.ஐ.டி. இருக்கிறது. திண்டுக்கல் சாலையில் நவலூர் குட்டப்பட்டில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டும் ஸ்ரீரங்கம் வட்டம்தான். இரண்டும் சேர்ந்து ஒரு நெறிக்குழு அமைப்பதற்கு டெல்லியின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அதில் ஒரு தமிழாசிரியரும் ஹாஸ்டல் மாணவிகளில் ஒருவரும் இருக்கட்டும். ஆய்வின் முடிவு எந்த மேசைக்குப் போகும் என்று அந்தக் குழு முதலில் கேட்கட்டும்: துறைத் தலைவருடையதா, போலீசினுடையதா, விளம்பரக் கம்பெனியினுடையதா? எழுத்தில் பதில் வராவிட்டால், இறக்கிய தரவை அழிக்கச் சொல்லும் அதிகாரமும் அதற்கு வேண்டும்.