வெப்பமும் மலமும்

மடிக்கணினி உண்ணும் மின்சக்தி, கணக்கிட்டாலும் சித்திரம் காட்டினாலும், முடிவில் ஏறத்தாழ முழுவதும் உஷ்ணமாகவே பரிணமிப்பதால், அதன் அடியில் விசிறித்தட்டு வைப்பவர் உஷ்ணத்தை அழிப்பதில்லை. அறையின் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கிறார். தட்டின் விசிறி கணினியின் அடியிலுள்ள காற்றுத்துளைகளுக்கு நேரே அமையவேண்டும்; உள்ளே தூசி அடைந்திருந்தால் முதலில் அதை நீக்கவேண்டும். லௌகிக விஷயம் இவ்வளவே.

ஆனால், வேலை நடந்தால் உஷ்ணம் எழுந்தே தீருமெனில், தோஷமற்ற கர்மம் என்று ஒன்று உண்டா என்னும் புராதன வினா இங்கே எழுகிறது. ஒரு பிட் தகவலை அழிக்கும்போதெல்லாம் குறைந்தபட்ச அளவு வெப்பமேனும் வெளிப்பட்டே தீரும் என்று 1961-ல் ரோல்ஃப் லாண்டவர் என்னும் பௌதிக அறிஞர் எடுத்துரைத்தார். இன்றைய கணினிகளோ அந்த எல்லையைவிடப் பன்மடங்கு அதிகமாகச் சுடுகின்றன. ஆகவே நம் வெப்பத்தில் தவிர்க்கத்தக்கதும் உண்டு, தவிர்க்கவொண்ணாததும் உண்டு.

ஆன்மாவின் அழுக்கைக் குறித்தும் இதே வினா எழும். ஆன்மாவை மறைக்கும் ஆணவமலம் என்னும் அழுக்கு முக்தியிலும் நாசமடைவதில்லை, அதன் சக்தி மட்டுமே அடங்குகிறது என்று துணிந்த சைவ சித்தாந்தம், பூரண நிர்மலத்தை எளிதில் வாக்களிக்கும் உபதேசங்களைக் காட்டிலும் மனித அனுபவத்துக்கு நெருங்கியது என்பது என் உறுதியான எண்ணம். ஜடத்தின் நியதி ஆன்மாவின் நியதிக்குப் பிரமாணமாகாதுதான். எனினும் அந்தச் சித்தாந்தத்தின் நேர்மையை உணர அது எனக்கு உதவியிருக்கிறது.