தீப்பெட்டி இரயில்

எங்கள் சாணார்பட்டிக்கு இரயில் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலைதான் எங்களுக்கு உலகத்தின் வாயில். திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே 1875-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இருப்புப்பாதை, வடமதுரை வழியாகத் திண்டுக்கல்லை அடைந்து, சிறுமலைக்கு மேற்கே ஒதுங்கிக் கொடைரோடு நோக்கிப் போய்விட்டது. மலைக்கு இப்பால் இருந்த எங்கள் பிள்ளைகளுக்கு இரயில் என்பது திண்டுக்கல்லுக்குப் போகிற நாளில் மட்டும் வாய்க்கிற காட்சி. கிடைக்காத பொருளைப் பிள்ளைகள் தாமே செய்துகொள்வார்கள். என் மகனும் செய்தான். காலித் தீப்பெட்டிகளைக் கோத்துப் பெட்டிகள், சட்டைப் பொத்தான்களால் சக்கரங்கள், ஈர்க்குச்சிகளால் தண்டவாளம் என்று ஒரு முழு இரயில் எங்கள் கட்டிலின் அடியில் நின்றது.

அவன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவிருந்த ஆண்டு அது. நான் பள்ளி ஆசிரியன். ஒருநாள் மாலை, ஒரு சொல்லும் பேசாமல், அந்த இரயிலை எடுத்து அடுப்பில் இட்டேன். அவன் அழவில்லை, புத்தகத்தை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டான். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றான். அதனால் நான் செய்தது சரி என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவன் தன் மகனுடன் வந்தான். இப்போது அவன் பொறியாளன். ஓய்வு நேரத்தில் மாதிரி இரயில்கள் அமைப்பவன். வீட்டுக் குடிலைச் சுற்றித் தண்டவாளம் பதித்து, ஒரு சிறிய இரயிலை ஓடவிட்டான். பார்க்க வந்த பெரியவர் ஒருவர், “என்ன வாத்தியாரய்யா, பெத்லகேமுக்கு இரயில் விட்டுவிட்டீர்களா?” என்று சிரித்தார். விலையைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. “இத்தனை ஆயிரமா? ஓர் ஏழைப் பிள்ளையின் படிப்புச் செலவாயிற்றே!” என்றார். என்னால் விடை சொல்ல முடியவில்லை. பயன் தராத ஒன்றில் மனிதன் தன் நேரத்தையும் பொருளையும் இடுவது முறையா? அன்று தொட்டு இந்த வினா என்னை விடவில்லை.

முதலில் இந்தக் கலை இன்னதென்று சொல்லிவிடுகிறேன். உலகில் மிகுதியாகக் கையாளப்படும் அளவு, உண்மையில் 87-இல் ஒரு பங்கு. பெரம்பூர்த் தொழிற்சாலை பல்லாண்டுகள் கட்டி அனுப்பிய 21 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள இரயில் பெட்டி, இந்தக் கணக்கில் ஏறத்தாழ 24 1/2 சென்டிமீட்டர். நடைமேடையில் நிற்கும் ஆள் இரண்டு சென்டிமீட்டர். கடையில் கிடைக்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர், அது ஐரோப்பியப் பாதைக்குரிய கணக்கு. நம் நாட்டு அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர் ஆதலால், அதைச் சரியாகக் காட்ட 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே நம்மவர்கள் ஒன்று அந்தச் சிறு பொய்யைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அல்லது ஒவ்வொரு கட்டையையும் தாமே அறுத்துப் பாதை போட வேண்டும். புனேயில் பாவுசாகிப் ஜோஷி உருவாக்கிய சிறு இரயில் அருங்காட்சியகம் 1998-இல் திறக்கப்பட்டது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-இல் திறக்கப்பட்ட காட்சியகத்தில் மலைகளும் நகரங்களும் துறைமுகமும் இதே அளவில் எழுந்து நிற்கின்றன. அங்கே கால் மணி நேரத்தில் ஒரு பகலும் இரவும் கடந்துவிடுகின்றன.

இது மேலைநாட்டார் ஆசைதானே என்று தள்ளிவிடவும் முடியாது. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டிய குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. கோழியை விரட்ட எறிந்த காதணி அந்தத் தேருக்கு வழித்தடையாகக் கிடந்ததாம். செல்வ வளத்தைச் சொல்லவந்த புலவருக்கு ஒரு விளையாட்டு வண்டி போதுமானதாக இருந்தது. ஆண்பால் பிள்ளைத்தமிழ் சிறுதேர்ப் பருவத்துக்கென்றே பத்துப் பாடல்களை ஒதுக்குகிறது. நவராத்திரிக் கொலுவின் அடியில் பூங்காவும் குளமும் அமைக்கும் வீடுகளை நாம் அறிவோம். 1223-ஆம் ஆண்டு கிரேச்சோ ஊரில் மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் கொண்டு பிறப்பு விழாக் காட்சியை அமைத்தாரே அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், அவர் ஏழ்மையைத் தேடி மணந்தவர். அவர்கூட, கண்ணால் காண்பதற்கு ஒரு காட்சி மனிதனுக்குத் தேவை என்று உணர்ந்திருந்தார்.

விளையாட்டைக் குறித்துப் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார். நற்செய்தியாளரான யோவான் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தனராம். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவரை யோவான் அம்பு எய்யச் சொன்னார். பலமுறை எய்தபின், ஓயாமல் எய்துகொண்டே இருக்க முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துவிடுமே என்றார் அவர். மனித உள்ளமும் அத்தகையதே என்பது யோவான் தந்த விடை. இந்த மரபுக் கதையை எடுத்துக்காட்டும் அக்குவினாஸ், அளவான விளையாட்டை நற்பண்போடு சேர்க்கிறார். அத்துடன் மூன்று எல்லைகளும் வகுக்கிறார்: விளையாட்டு இழிவானதாகவோ பிறருக்குத் தீங்காகவோ இருக்கலாகாது, உள்ளத்தின் நிதானத்தைக் குலைக்கலாகாது, ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும்.

அந்தப் பெரியவரின் கேள்வி இந்த எல்லைக்குள்தான் நிற்கிறது. பக்கத்து வீட்டில் அடுப்பு எரியாதபோது என் வீட்டில் விலையுயர்ந்த இரயில் ஓடுமானால், அது காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்றதன்று. இதில் எனக்கு ஐயமில்லை. இன்னோர் ஆபத்தும் உண்டு. சிறு உலகத்தில் எவரும் நம்மை எதிர்த்துப் பேசுவதில்லை. நாம் நிறுத்தினால் இரயில் நிற்கும். எடுத்துவிட்டால் ஊரே மறையும். அந்த ஆட்சியில் மயங்கியவன் மெய்யான மனிதர்களிடம் பொறுமை இழந்துவிடக்கூடும்.

ஆனால் என் மகனிடம் நான் கண்டது வேறு. திண்டுக்கல்லை அடுத்த ஒரு சிறு நிலையத்தை, மீட்டர் பாதைக் காலத்தில் இருந்தபடியே அட்டையில் கட்டிக்கொண்டிருந்தான். இன்று அந்தப் பாதை இல்லை, எல்லாம் அகலப்பாதையாகிவிட்டன. “அப்பா, அந்த நிலையத்தில் தண்ணீர்ப் பானை எந்தப் பக்கம் இருந்தது? கதவுக்கு என்ன நிறம்?” என்று கேட்டான். எத்தனையோ முறை அங்கே இறங்கி ஏறியவன் நான். எனக்கு நினைவில்லை. சிறுவனாக இரண்டே முறை பார்த்த அவனுக்குச் சுவரின் காரை எங்கே பெயர்ந்திருந்தது என்பது வரை நினைவிருந்தது. செய்து பார்க்க விரும்புகிறவன்தான் உற்றுப் பார்க்கிறான். தண்டவாளத்தின் துருவையும் கதவடைப்பவரின் கூரையையும் கொடிபிடித்து நிற்பவரையும் பொருட்படுத்திப் பார்ப்பது சிறிய காரியமா? கடந்துபோகிறவற்றை மதிக்கக் கற்றுத்தருவது பயனற்றது என்று எப்படிச் சொல்வேன்?

அவன் வழியாக இன்னொரு செய்தியும் அறிந்தேன். இங்கிலாந்தில் பீட்டர் டென்னி என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் 1940-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஒரு மாதிரி இரயில்பாதையை உருவாக்கினார். மெய்யான இரயில்வேயின் முறைப்படியே மணியடித்து வண்டிகளை இயக்கினார். இந்த முறையில், அடுத்த நிலையம் இசைவு தந்தாலன்றி இந்த நிலையத்திலிருந்து வண்டி புறப்படலாகாது. எனவே விளையாட்டுக்கு இருவர் வேண்டும். அவருடைய மகன் கிரிஸ்பின் மறுமுனையில் இருந்தான். மகன் உடனில்லாத வேளைகளுக்காக, அவனுக்குப் பதிலாக மணிக்கு விடையளிக்கும் ஒரு பொறியைத் தந்தை செய்தார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘தானியங்கிக் கிரிஸ்பின்’.

இதைக் கேட்டபோது நான் சிரித்தேன். இரவில் படுத்தபின் சிரிப்பு வரவில்லை. அந்தத் தந்தை தம் மகனின் இடத்தை ஒரு பொறிக்குத் தந்தாலும் அவன் பெயரை விட்டுவிடவில்லை. நானோ, மகன் பக்கத்திலேயே இருந்தும், ஒரு மணிகூட அடித்து அவன் இசைவைக் கேட்கவில்லை. பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைக்க வரும் சிறுவனிடம் சிறுமியர் கெஞ்சுவார்கள். என் மகன் கெஞ்சவும் இல்லை. கெஞ்சினால் கேட்பேன் என்ற நம்பிக்கை அவனுக்கு இருந்திருக்காது. தேர்வுக் காலத்தில் விளையாட்டை ஒத்திவை என்று சொல்லும் உரிமை எனக்கு இருந்தது. ஒரு பிள்ளை தன் கையால் படைத்ததை எரிக்கும் உரிமை எனக்கு இல்லை. அக்குவினாஸ் சொன்ன அளவு விளையாடுகிறவனுக்கு மட்டும் உரியதென்று எண்ணியிருந்தேன். கண்டிக்கிறவனுக்கும் அளவு உண்டு.

பெரியவருக்கு நான் சொல்ல வேண்டிய விடை இதுதான்: “ஐயா, ஏழைக்குரியதை இதில் செலவிடலாகாது, நீங்கள் சொன்னது மெய். ஆனால் விலையை வைத்து இதன் பயனை அளக்க வேண்டாம். தீப்பெட்டிக்கு விலையே இல்லை. அதையும் ஒருவன் எரித்தான்.”

விழா முடிந்து அவர்கள் புறப்படும் முன் என் மகனிடம் அந்த மாலையைப் பற்றிப் பேசினேன். “எனக்கு நினைவிருக்கிறது, அப்பா” என்று மட்டும் சொன்னான். அதற்குமேல் இருவரும் பேசவில்லை. பேரன் என் கையைப் பிடித்து இழுத்து, குடிலின் மறுபுறம் உட்காரச் சொன்னான். “தாத்தா, நான் மணியடித்தால் நீங்களும் அடிக்க வேண்டும். அப்போதுதான் வண்டி விடுவேன்” என்றான். நான் உட்கார்ந்தேன்.