கணக்குக்குப் பதில் சொல்பவர் யார்?

சுங்கைப் பட்டாணிக் கடைவீதியில் பேரேடு எழுதுபவர் கணக்கப்பிள்ளை. அதில் பிழை வந்தால் பதில் சொல்பவர் முதலாளி. இதை நாமெல்லோரும் அறிவோம்.

1984-இல் மலேசியாவில் தகாஃபுல் சட்டம் வந்தது. இன்று அதனிடத்தில் 2013-ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டம் உள்ளது. பலர் தபர்ருவாகச் சேர்க்கும் பணம் துயருற்ற குடும்பத்துக்குச் சேர வேண்டிய அமானிதம். அக்கணக்கை இன்று கணினி பார்க்கிறது. தோட்டத்து விதவை ஒருவரின் மனுவை அது தவறாகத் தள்ளிவிட்டால், "இயந்திரம் சொன்னது" என்பது பதிலாகுமா?

ஆகாது. நிரல் எழுதியவன் அவசரத்தில் பிழைத்தான் என்றால், அவசரப்படுத்தியவன் குழுத் தலைவனல்லவா? பழிக்கு அஞ்சும் ஊழியன் பிழையை மறைப்பான். தலைவன் பொறுப்பேற்பான் என்றறிந்தால் அன்றே வந்து சொல்வான். விதவையின் பணமும் தாமதமின்றிச் சேரும்.

கடையில் நாம் கற்ற இப்பாடத்தைக் கணினித் தொழிலில் தலைமை ஏற்கும் நம் பிள்ளைகள் மறவாதிருப்பார்களாக!