பின் சந்துக்கு யார் பொறுப்பு?

2018 மே மாத இறுதியில் ஒரு காணொலி மலேசியா முழுதும் பரவியது. பங்சாரில் உள்ள ராஜ்ஸ் பனானா லீஃப் உணவகத்தின் பின் சந்தில், தரையில் தேங்கிய கலங்கல் நீரில் பணியாளர்கள் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். கடையை இரண்டு வாரம் மூட உத்தரவு வந்தது. 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, சுகாதாரக் கேடான கடையை 14 நாள் வரை மூட அதிகாரம் தருகிறது. அந்த 14 நாளில் ஒரு முதலாளி எதற்கெல்லாம் பொறுப்பேற்க வேண்டும் என்பதை அவருடைய மனச்சாட்சிதான் சொல்ல வேண்டும்.

இத்தகைய வேளையில் உணவகத் தொழிலில் முதலில் வரும் பதில், “சம்பந்தப்பட்ட ஊழியரை நீக்கிவிட்டோம்” என்பதே. அழுக்கு நீரில் கழுவியவர் செய்தது தவறுதான். ஆனால் கழுவுதொட்டி எத்தனை, தட்டுகள் எத்தனை, மதிய நெரிசலுக்கு ஆள் எத்தனை பேர் என்று முடிவு செய்தவர் அவரில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல அடுப்படிகள் அந்நியத் தொழிலாளர்களை நம்பியே ஓடுகின்றன. அவர்களின் வேலை பெர்மிட் முதலாளியோடு பிணைந்தது. “தொட்டி போதவில்லை” என்று சொல்லத் துணியாதவர் தலையில் முழுப் பழியையும் சுமத்துவது அநீதி.

முதலாளிகள் பக்கத்திலும் நியாயம் உண்டு. தேதியில்லாத பத்து விநாடிக் காணொலி, பல ஆண்டு உழைப்பைக் கவிழ்த்துவிடும். ஒரு கடையின் கறை பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் உள்ள எல்லா வாழை இலைக் கடைகள் மீதும் படிகிறது. வதந்தியைப் பரப்புவோரும் பழிக்கு உரியவர்களே. ஆனாலும் வாயை மூடிக்கொள்வதால் வதந்தி சாகாது. அடுப்படியைத் திறந்து காட்டினால்தான் சாகும்.

தராசின் எதிர்த்தட்டில் இருப்பது உயிர். 2024 ஜூனில் கோம்பாக்கில் ஒரு பள்ளி நிகழ்ச்சி உணவு நஞ்சானதில் இருவர் இறந்தார்கள்; அவர்களில் ஒருவர் சிறு குழந்தை. 1992-93இல் அமெரிக்காவில் ஜாக் இன் தி பாக்ஸ் கடைகளின் பர்கரால் 4 குழந்தைகள் மாண்டார்கள். 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நிறுவனம் முதலில் இறைச்சி விற்றவரைக் கைகாட்டியது. இறைச்சியில் கிருமி இருந்தது உண்மை. ஆனால் வாஷிங்டன் மாநிலம் விதித்திருந்த சூட்டுக்கு அதை வேகவைக்காதது கடைகளின் தவறு. பிறர் தவறு நம் தவறைக் கழித்துவிடாது. பின்னர் அதே நிறுவனம் கொள்முதல் முதல் அடுப்பு வரை சோதனை முறைகளைத் திருத்தியமைத்தது.

சந்தேகம் எழுந்தால், முழு ஆதாரம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. தவறாக மூடினால் போவது முதலாளியின் பணம். தவறாகத் திறந்து வைத்தால் போவது, எதுவும் அறியாமல் இலை முன் அமர்ந்தவரின் உடல்நலம். ஆகவே கடையைத் தானே மூடுவது, நடந்ததை மறைக்காமல் சொல்வது, மூடிய நாள்களுக்கும் ஊழியருக்குச் சம்பளம் தருவது, குறையைச் சரிசெய்து சோதனை அறிக்கையை வாசலில் ஒட்டுவது ஆகிய நான்கும் கடமை. இவை இல்லாத மன்னிப்பு அறிக்கை வெறும் விளம்பரம்.

உண்பவருக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு கடை இத்தனையும் செய்துவிட்டுக் கதவைத் திறந்தால், மீண்டும் அங்கே போய்ச் சாப்பிடுங்கள். உண்மை சொன்னவர் நட்டப்படும் ஊரில் அடுத்தவர் உண்மை சொல்ல மாட்டார்.